இரண்டு சீட்டுத் தொகுதி

திண்டிவனத்தின் ஓரத்தில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அந்தப் பக்கம் அக்காவை. இரண்டும் பங்காளி வீடுகள். நாங்கள் வந்த கொஞ்ச காலத்திலேயே கிணற்றுத் தண்ணீர் முறையில் தகராறு வந்து பேச்சு நின்றது. பொங்கலுக்கும் போகக்கூடாது, சாவுக்கும் போகக்கூடாது. காற்று திரும்பினால் அவர்கள் வீட்டு மல்லாட்டைக் கடலை வறுபடும் வாசனை வரும். அக்கா வரமாட்டாள்.

ஓட்டு நாள் மட்டும் வேறு. இரண்டு வீட்டு ஆண்களும் எதிரெதிர்க் கட்சி. ஒரு ஓட்டும் குறையக்கூடாதென்று அவர்களே வண்டி கட்டிப் பெண்களை அனுப்பினார்கள். எங்களுடையது இரட்டை உறுப்பினர் தொகுதி. ஜெயிப்பவர் இருவர், ஆளுக்கு இரண்டு சீட்டு. மறைப்புக்குள் வேட்பாளருக்கு ஒன்று வீதம் சின்னம் ஒட்டிய பெட்டிகள். சீட்டுகளை வேறு வேறு பெட்டியில் போடவேண்டும். ஒன்றிலேயே போட்டால் ஒரு சீட்டு செல்லாது.

இரண்டு வீட்டுக்கும் ஒரே பூத்து, ஒரே வரிசை. அக்காவுக்கும் எனக்கும் முறை வரும்போதெல்லாம் பின்னால் நின்றவர்களை முன்னே விட்டோம். வெயில் ஏறியது, இறங்கியது, நாங்கள் பேசி முடிக்கவில்லை. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் கேட்டார்: “ஓட்டு போட வந்தீங்களா, சம்பந்தம் பேச வந்தீங்களா?”

கடைசியில் அக்கா உள்ளே போய்த் திரும்பினாள். எந்தப் பெட்டி என்று கேட்டேன்.

“ரெண்டையும் ஒண்ணுலயே போட்டுட்டேன்டி.”

“ஒண்ணு செல்லாதுக்கா.”

“தெரியும். பிரிச்சிப் போட மனசு வரல. அதுங்களாவது ஒண்ணா கெடக்கட்டும்.”

அடுத்த தேர்தலுக்குள் இரட்டைத் தொகுதியை எடுத்துவிட்டார்களாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. புதுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். வந்தவர்களையெல்லாம் முன்னே விட்டேன். வரிசை தேய்ந்து தேய்ந்து நான் மட்டும் மிஞ்சினேன். பாதைக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் இன்னும் வரவில்லையே என்று மேஜைக்காரரைக் கேட்டேன்.

“அது வேற தொகுதிம்மா இப்ப. அவங்களுக்கு பூத்து அந்தாண்ட.”

ஒரே சீட்டு கொடுத்தார்கள். எந்தச் சின்னத்தில் முத்திரை குத்தினேனோ, நினைவில்லை.

திரும்புகையில் ரயில்வே கேட் மூடியிருந்தது. எதிர்ப்பக்கச் சாலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி தூரமாகப் போய்க்கொண்டிருந்தது. கையை உயர்த்தினேன். அதற்குள் கூட்ஸ் வண்டி நடுவே நுழைந்தது. பெட்டி பெட்டியாக, முடியாமல். அது போனபின் சாலையில் புழுதிதான் இருந்தது. கேட்டைத் திறந்தார்கள். கடந்து போக எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.