இடையில் வந்த குரல்

எலப்புள்ளியில் எங்களுடையது இரண்டே அறை உள்ள வீடு. நான் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறேன். எட்டு வருடத்துக்கு முன்பு, சொந்தமாகச் சில பாட்டுகள் எழுதி மெட்டும் போட வேண்டும் என்று ஓர் ஆசை வந்தது. யாரும் எழுதச் சொல்லிக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும்தான் நேரம். கட்டிலில் சாய்ந்து, போனில் பதிவை ஓடவிட்டு முனகத் தொடங்குவேன்.

அப்போதுதான் எல்லோருக்கும் என் ஞாபகம் வரும்.

"ஏனுங்க, சிலிண்டர் தீந்துபோச்சு. வந்து மாத்திக் குடுங்க" என்பாள் மனைவி. மாட்டிவிட்டு வருவதற்குள் மெட்டு போயிருக்கும். ஷிப்ட் மாறி வரச் சொல்லி கம்பெனியிலிருந்து போன் வரும். அவர்களிடம் காட்ட முடியாத எரிச்சலை எல்லாம் மகளிடம் காட்டினேன். அவளுக்கு அப்போது ஆறு வயது.

ஒரு ஞாயிறு மத்தியானம், காலையில் வேலைக்குப் போகிறவர்களைப் பற்றி ஒரு பாட்டு முனகிக்கொண்டிருந்தேன்.

"ஆறரை பஸ்ஸு வருது, கண்ணுல
அரைத்தூக்கம் இருக்குது."

அடுத்த வரி வரவில்லை. திரும்பத் திரும்ப இதையே பாடிக்கொண்டிருந்தேன். கட்டிலோரம் நின்றிருந்த மகள் அதே மெட்டில் ஏதோ பாடினாள். என்னவென்று காதில் வாங்கக்கூட இல்லை.

"வாய மூடு! ஒரு நிமிசம் நிம்மதியா இருக்க உடறியா?"

அவள் வெளியே போய்விட்டாள்.

"பாப்பா பாடுனா உங்களுக்கு என்னங்க கொறைஞ்சுபோகுது?" என்று மனைவி கேட்டாள். அதற்கு மேலும் ஒன்று செய்தேன். ஞாயிறுகளில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போகும்படி மனைவியிடம் சொன்னேன். போனார்கள். வீடு அமைதியாக இருந்தது. நான் தூங்கினேன். ஒரு வரி வரவில்லை. மெல்ல மெல்லப் பாட்டையே விட்டுவிட்டேன்.

போன மாதம் போனில் இடமில்லை என்று பழைய பதிவுகளை அழிக்க உட்கார்ந்தபோது அந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவு கிடைத்தது. என் குரலுக்குப் பின்னால் மகளின் குரல்:

"பஸ்ஸுக்கும் தூக்கம் வருது, அதுதான்
பள்ளத்துல ஆடுது."

நான் தேடிய வரி அதுதான். உடனே என் கத்தல். பிறகு சின்னக் கால்கள் ஓடும் சத்தம்.

இப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. கத்தலை வெட்டி எடுத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

"கண்ணு, இத ஒருக்கா பாடேன்."

"எனக்குப் பாட்டெல்லாம் வராதுங்கப்பா."

"நீ போட்ட வரிதான். கேட்டுப் பாரு."

கேட்டாள். லேசாகச் சிரித்தாள். "இதுக்கப்பறம் நீங்க சத்தம் போட்டீங்க, இல்லீங்களாப்பா?"

கோபமே இல்லாமல் கேட்டாள். டியூஷனுக்கு நேரமாகிவிட்டது என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பாட்டை முடித்துவிட்டேன். அந்த வரியையும் நானே பாடிப் பதிந்தேன். மனைவி கேட்டுவிட்டு, "நல்லா இருக்குதுங்க" என்றாள். மகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். இன்னும் கேட்கவில்லை.