விஷம் ஊற்றிய கை

என் அப்பா கம்பவுண்டர். டாக்டர் சீட்டு எழுதுவார். அப்பா பெரிய பாட்டிலிலிருந்து சின்ன பாட்டிலுக்கு மருந்தை ஊற்றுவார். ஒரு சொட்டு வெளியே போகாது. பேச்சு மட்டும்தான் கொட்டோ கொட்டென்று கொட்டும்.

ஒரு நாள் வயிற்றுவலியோடு வந்த சினிமா டைரக்டர் அந்தக் கையைப் பார்த்துவிட்டார். அவர் எடுத்துக்கொண்டிருந்தது கறுப்பு வெள்ளைக் கொலைப் படம். ஒரே வீடு, ஒன்பது நாள் படப்பிடிப்பு; முதல் காட்சியில் செத்துப்போனவரே மீசையை ஒட்டிக்கொண்டு இன்ஸ்பெக்டராக வருவார். அவ்வளவு பஞ்சம். கொலைகாரராக நடித்தவரோ பாலில் விஷம் ஊற்றும்போதெல்லாம் கை நடுங்கி மேஜையை நனைத்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரே ஒரு தடவை எடுக்கத்தான் ஃபிலிம் மிச்சம். அப்பா போனார், ஊற்றினார், மதியமே வேலைக்குத் திரும்பிவிட்டார்.

திரையில் முகம் அந்த நடிகருடையது, கை மட்டும் அப்பாவுடையது. டைட்டிலில் பெயர்கூடக் கிடையாது. சும்மா இருந்திருந்தால் ஈ காக்காய்க்குத் தெரிந்திருக்காது. இந்த மனுஷன் சும்மா இருப்பாரா? மருந்து வாங்க வந்தவர்களிடமெல்லாம், "படம் பாத்தீங்களா? அந்தக் கை என்னோடதுதான்" என்று நீட்டி நீட்டிக் காட்டினார். அம்மாவை இரண்டு முறை படத்துக்குக் கூட்டிப்போனார்.

மூன்றாவது வாரம் டாக்டரிடம் வருகிற கூட்டம் பாதியாகிவிட்டது. வந்தவர்களும் பாட்டிலை முகர்ந்து பார்த்தார்கள். சிலர் வாசலிலேயே கொட்டினார்கள். அது நடிப்பென்று அவர்களுக்குத் தெரியாதா என்ன? தெரியும். குடிக்கத்தான் மனசு வரவில்லை.

"ஊர் வாய மூட முடியுமா? நீங்க தடுப்புக்குப் பின்னால இருந்து ஊத்துங்க. நர்ஸ் வெளிய குடுக்கட்டும்" என்றார் டாக்டர்.

வேலை தப்பியது. அப்பாவுக்கு அது போதவில்லை. யாராவது ஒருத்தர் தன் கையால் வாங்கிக் குடித்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று வீட்டில் புலம்பிக்கொண்டே இருந்தார். "விடுங்க, ரெண்டு மாசத்துல மறந்துடுவாங்க" என்பாள் அம்மா.

அந்த மாதமே அம்மா காய்ச்சலில் படுத்தாள். அப்பா மருந்தை ஊற்றி டம்ளரை நீட்டினார்.

"நீங்க ஒரு வாய் குடிச்சுட்டுக் குடுங்களேன்" என்றாள்.

விளையாட்டு என்று நினைத்து அப்பா சிரித்தார், குடித்தார். அம்மா சிரிக்கவில்லை. டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்மேல் அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. பத்து நிமிடம் ஆகட்டும் என்று அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தார்.