ராஜாவுக்கு முன்னால் ஒரு சிப்பாய்

போன வாரம் கோரமங்களா டிராஃபிக்கில் ஆட்டோவுக்குள் மாட்டிக்கொண்டு, எங்கோ ஐரோப்பாவில் நடக்கும் பெரிய செஸ் போட்டியைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டியும் நகரவில்லை, ஆட்டமும் நகரவில்லை. நம்ம ஊர்ப் பையன் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்தே இருந்தான். கடைசியில் ராஜாவுக்கு முன்னாலிருந்த ஓரச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளினான். ஆட்டோவுக்குப் புது சீட் போட்டிருப்பார்கள் போல, ரெக்சினும் அதை ஒட்டுகிற சொல்யூஷனும் கலந்த வாசனை அப்போது பார்த்து மூக்கில் ஏறியது. சிப்பாயும் வாசனையும் சேர்ந்து வந்தால் நான் என்ன ஆவேன்! "அடப்பாவி, நவுத்திட்டியே!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். டிரைவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விடுங்கள்.

அந்த வாசனை விவேக் நகர் சூசையண்ணன் கடையுடையது. வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிற கடை. திருப்பத்தூரிலிருந்து சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைக்கு வந்த புதிதில் அதன் மாடியில்தான் எனக்கு அறை. சொல்யூஷன் நெடி படியேறி வந்து என் தலையணையில் படுத்துக்கொள்ளும். தலைவலிக்கிறது என்று சண்டை போடக் கீழே இறங்கியவன், அங்கே ஒரு செஸ் போர்டைப் பார்த்ததும் சண்டையை மறந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் செஸ்ஸில் இரண்டாம் பரிசு வாங்கியவன் நான். எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

சூசையண்ணனுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். கடையில் மேசை கிடையாது. ரிப்பேர் முடிந்து டெலிவரிக்குக் காத்திருக்கும், ஆட்டோவிலிருந்து கழற்றிய பின்சீட்தான் மேசை. தட்டையாக, அகலமாக, போர்டு வைக்க அளவெடுத்த மாதிரி இருக்கும். காய்களில் ஒரு மந்திரி காணாமல் போய், அந்த இடத்தில் ஒரு பழைய ஸ்பார்க் பிளக் நின்றது. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

நான் தோற்றேன். தினமும் தோற்றேன். அவர் பெரிய ஆட்டக்காரரா என்றால் அதுவும் இல்லை. என்னைவிட ஒரு பிடி மேல், அவ்வளவுதான். அந்த ஒரு பிடியை எட்ட நான் செய்யாததில்லை. ஓப்பனிங் வீடியோக்கள், காசு கட்டிய ஆன்லைன் வகுப்பு, ஆபீஸ் பாத்ரூமில் உட்கார்ந்து புதிர்கள். ரேட்டிங் ஏறும். கீழே இறங்கி வந்து தோற்பேன். "இன்னா தம்பி, இன்னிக்கு இன்னா படிச்சிட்டு வந்தே?" என்பார், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. தோற்றபின் நான் முணுமுணுத்தால், "ஹோக்லி பிடு" என்பார். போகட்டும் விடு என்பதை அவர் கன்னடத்தில் மட்டும்தான் சொல்வார். அதுதான் இன்னும் எரியும்.

அப்புறம் வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை. என் யானை அவருடைய கடைசி வரிசைக்குப் பாய நிற்கிறது. அவருடைய ராஜா மூலையில். என் வாழ்க்கையில் முதல்முறையாக சூசையண்ணனை ஜெயிக்கப் போகிறேன்! அடுத்தது என் நகர்த்தல். கையை நீட்டினேன்.

"அரே, சீட் ரெடின்னா குடுங்கோ பாய், சவாரி வெயிட்டிங்கு!"

சீட்டின் சொந்தக்காரர். நாங்கள் வாய் திறப்பதற்குள் மனிதர் சீட்டைத் தூக்கிவிட்டார். ராஜா, ராணி, ஸ்பார்க் பிளக் எல்லாம் தரையில். மேசை மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிப் போய்விட்டது.

திரும்ப அடுக்கினோம். எல்லாம் ஒத்துப்போனது, ஒரே ஒரு காயைத் தவிர. அவருடைய ராஜாவுக்கு முன்னாலிருந்த ஓரச் சிப்பாய். நகரவே இல்லை, ராஜாவுக்கு ஒளிய இடமில்லை, என் யானை இறங்கினால் மேட் என்றேன் நான். அதை ஒரு கட்டம் தள்ளியாகிவிட்டது, அந்தச் சந்தில் ராஜா தப்பிவிடும், அப்புறம் நான்தான் காலி என்றார் அவர். "நான் நவுத்துனேன்பா! மாதா சத்தியமா நவுத்துனேன்!" "நவுத்தலண்ணா! என் கண்ணால பாத்தேன்!" அன்று டீ ஆறிப்போனது.

அதற்குப் பிறகு எத்தனையோ ஆட்டங்கள் ஆடினோம். எல்லாவற்றிலும் நான் தோற்றேன், எதுவும் எனக்கு நினைவில்லை. நான் கல்யாணமாகி வேறு ஏரியாவுக்குப் போனேன். அண்ணன் கடையை மூடிவிட்டு ஓசூருக்குப் போனார். ஆனால் சிப்பாய் எங்களை விடவில்லை. உலகத்தில் எந்த மூலையில் போட்டி நடந்தாலும் இரண்டு பேரும் பார்ப்போம். எவனாவது அந்தச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினால் உடனே அவரிடமிருந்து போன் வரும். "பாத்தியா? பெரிய பெரிய ஆளே நவுத்துறான். நான் நவுத்தியிருக்க மாட்டனா?" எவனாவது தள்ளாமல் விட்டு மேட் வாங்கினால் நான் கூப்பிடுவேன். "பாத்தீங்களாண்ணா, உலக சாம்பியன் ஆகவேண்டியவனே மறந்துட்டான்." மற்றவர்கள் பட்டம் யாருக்கு என்று பார்த்தார்கள். நாங்கள் சிப்பாயைப் பார்த்தோம்.

போனில்தான் கம்ப்யூட்டர் இருக்கிறதே, இரண்டு விதமாகவும் அடுக்கிக் கேட்டுவிட வேண்டியதுதானே என்பீர்கள். எங்களுக்கு மட்டும் தோன்றாமலா இருக்கும்? தோன்றியது. தோன்றாத மாதிரி இருந்துகொண்டோம்.

அண்ணனின் மகள் கல்யாண ரிசப்ஷனில்தான் அது நடந்தது. கோட்டும் டையுமாக மேடையிலிருந்து இறங்கியவர், நேராக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பொண்ணையே கட்டிக் குடுத்தாச்சு. இத மட்டும் எதுக்குபா வெச்சினு இருக்கணும்? எடு போனை."

முதலில் நான் சொன்னபடி அடுக்கினேன். சிப்பாய் நகரவில்லை. யானையை இறக்கினேன். அண்ணனின் குதிரை பின்னால் ஒரு தாவு தாவி வழியை மறித்தது. என் யானை அம்போ. வேறு எதை நகர்த்தினாலும் தோல்விதான் என்றது கம்ப்யூட்டர். அடுத்து அவர் சொன்னபடி, சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி வைத்தோம். என் மந்திரி, அதாவது ஸ்பார்க் பிளக், அந்தச் சிப்பாயை வெட்டியது. அவ்வளவுதான், ராஜா செத்தான். ஜெயம் எனக்கு!

அதாவது இத்தனை வருஷமும் நான் என் தோல்விக்காகவும் அவர் தன் தோல்விக்காகவும் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறோம்.

அண்ணன் டையைத் தளர்த்தினார். தொண்டையைச் செருமினார். "தம்பி, யோசிச்சுப் பாத்தா நீ சொன்னதுதான் கரெக்டுபா. நான் நவுத்தல."

"அதெப்படிண்ணா? மாதா சத்தியமா நவுத்துனேன்னு சொன்னீங்களே! நீங்க நவுத்துனீங்க. என் கண்ணால பாத்தேன்."

"இன்னாது? நீதானே நவுத்தலன்னு குதிச்சே!"

போட்டோ எடுக்க ஆள்மேல் ஆள் வந்து கூப்பிட்டார்கள். மணப்பெண்ணே மேடையிலிருந்து "டாடி!" என்று கத்தினாள். நாங்கள் பிரியாணி ஆறும்வரை கட்சி மாறிச் சண்டை போட்டோம். அன்று சிரித்த மாதிரி சமீபத்தில் நான் சிரித்ததில்லை.

வினை அதற்குப் பிறகுதான். முன்பெல்லாம் கண்ணை மூடினால் அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படியே வரும். கத்தரியும் டீ கிளாஸும், சீட்டைத் தூக்க வந்த கையும், ராஜாவுக்கு முன்னால் அசையாமல் நிற்கும் அந்தச் சிப்பாயும். இப்போதும் எல்லாம் வருகின்றன. சிப்பாய் மட்டும் ஒரு தடவை இங்கே நிற்கிறது, ஒரு தடவை அங்கே நிற்கிறது. எனக்கு ஜெயம் வேண்டும்போது ஒரு கட்டம் தள்ளி நிற்கிறது. மனசாட்சி வந்து உட்காரும்போது பழைய இடத்துக்கே ஓடிவிடுகிறது. என் கண்ணால் பார்த்தேன் என்று அத்தனை வருஷம் கத்தினேனே, அந்தப் பார்த்தது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அதை நினைத்தால் நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது.

நேற்று அண்ணன் கூப்பிட்டார். போட்டியில் எவனோ சிப்பாயைத் தள்ளியிருக்கிறான்.

"பாத்தியா?"

"பாத்தேண்ணா."

வழக்கமாக அந்த இடத்தில்தான் சண்டை ஆரம்பிக்கும். இருவரும் காத்திருந்தோம்.

"தம்பி, ஜெயிக்கிறது தோக்குறதெல்லாம் ஹோக்லி பிடு. நெஜமா சொல்லு, நான் அத நவுத்துனனா?"

"தெரிலண்ணா."

"எனக்கும் தெரிலபா" என்றார். போனை யார் முதலில் வைப்பது என்றும் இருவருக்கும் தெரியவில்லை.