திருப்பிக் கேட்காதவன்

கண்டியில் நான் தங்கியிருந்த அறைக்கு ஒரே ஒரு யன்னல். அதைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். மாலையில் அந்த வீட்டு வானொலியில் ஆங்கிலச் செய்தி போகும். வேலை விட்டு வந்ததும் கொப்பியைத் திறந்து, காதில் விழுவதை எழுதுவேன்.

கேட்க ஒரே மாதிரியும் எழுத்தில் வேறாகவும் இருக்கும் சொற்கள்தான் எனக்குத் தொல்லை. வாரமும் வீக், தெம்பில்லாதவனும் வீக். சமாதானமும் பீஸ், துண்டும் பீஸ். நானே உரக்க வாசித்து நானே எழுதிப் பார்த்தேன். பிரயோசனமில்லை. எந்தச் சொல் வருகிறதென்று வாய்க்கு முன்பே தெரியும். கையும் அதையே எழுதும். இதைப் படிக்க இன்னொரு ஆளின் வாய் வேண்டும். எனக்கு அந்தச் சுவர்தான் இருந்தது.

கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம் என் ஊர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான். ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் ஆறு மாதம் வைத்துப் பார்ப்பதாகச் சேர்த்திருந்தார்கள். முடிவில் அவர் சொல்லச் சொல்ல ஓர் ஆங்கிலக் கடிதம் எழுத வேண்டும். அவருக்குத் திருப்தியென்றால் வேலை நிலைக்கும். இல்லையென்றால் பெட்டியோடு தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

புறப்பட்ட அன்று அப்பா ஒன்றைத்தான் சொன்னார்: "தொரமாருகிட்ட எதையும் திருப்பிக் கேக்காத. சொன்னா தலையாட்டு, செஞ்சு முடி." காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அவர் காலமெல்லாம் அப்படித்தான் நின்றார். அங்கே திருப்பிக் கேட்டவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை.

அலுவலகத்தில் மற்றவர்கள் கூசாமல் கேட்பார்கள். தட்டச்சு செய்யும் அக்கா இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பார்: "சேர், எந்த பீஸ்? சமாதானமா, காணித் துண்டா?"

"இந்தக் குடும்பத்துக்கு ரெண்டுந்தான் வேணும். இப்ப துண்டைப் போடுங்க" என்பார் சட்டத்தரணி சேர்.

நான் மட்டும் எழுந்து பின்னறைக்குப் போய் அகராதியைப் புரட்டிவிட்டு வருவேன்.

"என்ன தம்பி, வாய்க்குள்ள கொழுந்தா அடைச்சு வச்சிருக்கீங்க? துப்பிட்டுப் பேசுங்க" என்பார் அக்கா. சிரித்து வைப்பேன். மத்தியானம் அவர்கள் ஒரே மேசையில் சோற்றுப் பார்சலை அவிழ்ப்பார்கள். நான் குளக்கரையில் போட்டிருந்த வாங்கில் தனியே உட்கார்ந்து சாப்பிடுவேன். யாராவது ஏதாவது கேட்டால் நானும் ஏதாவது கேட்க வேண்டி வருமே.

கடிதம் எழுத வேண்டிய அந்த நாள் வந்தது. புத்தகக் கடைக்காரர் ஒருவரின் வழக்கு. பேராதனை வீதியோரம் அவருடைய லொறியில் ஒரு பஸ் மோதியிருந்தது. சேர் நடந்துகொண்டே கடிதத்தைச் சொன்னார். நடுவில் "ஸ்டேஷனரி லொறி" என்றார். என் பேனை நின்றது. அசையாமல் நிற்பதும் ஸ்டேஷனரி. கொப்பி, பென்சில் வகையறாவும் ஸ்டேஷனரி. அந்த லொறியோ கொப்பி ஏற்றிக்கொண்டு அசையாமல் நின்ற லொறி. நின்றதையே எழுதினேன்.

சேர் வாசித்து முடித்தார். "ஒரு பிழையும் இல்ல." எனக்கு மூச்சு வந்தது. "ஆனா லொறிகிட்ட வந்து நின்னீங்களே, ஏன்?"

"எந்தச் சொல்லுன்னு யோசிச்சேன், சேர்."

"முன்னால நான்தானே நிக்கிறேன்? என்னையக் கேட்டா என்ன?"

தலையாட்டினேன்.

"இன்னைக்குச் சரியா வந்திருச்சு. நாளைக்கு ஒருத்தரோட காணி உங்க யோசனையில போயிடும். கேக்காத ஆளை நம்பி நான் எப்படி வேலை குடுக்கிறது? இன்னும் மூணு மாசம் பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். அப்பா வாசலிலேயே கேட்டார்: "என்னா சொன்னாங்க?"

"இன்னும் மூணு மாசம் பாக்கணுமாம்."

"நீ ஏதும் எதுத்துப் பேசினியா?"

"இல்லப்பா. ஒண்ணுமே பேசல."

"அப்பச் சரி." நிம்மதியாகத் தேத்தண்ணியைக் குடித்தார். அதற்கு மேல் அவருக்கு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் பேராதனை வரும்வரை அந்த "அப்பச் சரி" கூடவே வந்தது.

திங்கட்கிழமை சேர் இன்னொரு கடிதம் சொன்னார். பாதியில் பேனை நின்றது. கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தேன். கைகள் தாமாகவே கட்டிக்கொண்டன. "சேர், எந்த..." மீதி வரவில்லை. தட்டச்சுச் சத்தம் நின்றது.

"உக்காந்துகிட்டே கேக்கலாம் தம்பி. இங்க யாரும் பேர் கூப்பிடல" என்றார் அக்கா.

சேர் சிரிக்கவில்லை. காத்திருந்தார். உட்கார்ந்து, முழுதாகக் கேட்டேன். ஒரு சொல்லில் பதில் வந்தது. அவ்வளவுதான்.

மூன்று மாதம் கழித்து வேலை நிலைத்தது. ஆனாலும் மனதில் நிற்பது அந்தத் திங்கட்கிழமை மாலைதான். வழக்கம்போல் சுவருக்கு அப்பால் செய்தி ஓடியது. ஒரு சொல் பிடிபடவில்லை. சுவரிடம் கேட்க முடியாது. அகராதியை எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டேன். கொப்பியில் அந்த இடத்தை வெறுமையாக விட்டேன், மறுநாள் அக்காவிடம் கேட்பதற்கு.