வரி விதிக்க அளக்கப் போன வீடுகள்

வீட்டு வரிக்காக வீடு அளக்கிற வேலையில், நாம் வாயைத் திறப்பதற்கு முன்பே எதிரில் நிற்பவருக்குப் பயம் வந்துவிடும். நமக்கு அதற்கும் முன்பே வந்திருக்கும். மீட்டர் பார்க்கப் போகிறவர்களே, தவணை கேட்டுப் போகிறவர்களே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? நான் மல்லாங்கிணற்றிலிருந்து சிவகாசிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவள். எட்டாவதோடு படிப்பு நின்றது. மகளிர் குழு மூலமாகக் கிடைத்த வேலை இது. கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவேன்.

சொல்லச் சொன்ன வார்த்தை

‘வரி போட வந்திருக்கோம்’ என்று சொல்லக் கூடாது, ‘வரி விதிப்புக்காக அளக்க வந்திருக்கிறோம்’ என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும் என்றார் எங்களை அளக்க அனுப்புகிற சார். ஆமத்தூரில் முதல் வீட்டு வாசலில் அதை அப்படியே ஒப்பித்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த அச்சாபீஸ்காரர் பாதியில் கை கழுவிவிட்டு எழுந்து வந்தார். முகம் வெளுத்திருந்தது.

“வரி போடுவாக, தெரியும். விதிக்கிறதுன்னா கோர்ட்டுல தண்டனைதான விதிப்பாக? நான் என்னம்மா செஞ்சேன்?”

டேப்பின் அடுத்த நுனி

தனியாகப் போனால் டேப்பின் ஒரு நுனியை வீட்டுக்காரர்தான் பிடிக்க வேண்டும். ஒரு மாடி வீட்டுக்காரர், ஆள் வாட்டசாட்டம், மீசை அதைவிட. சுவர் மூலையில் வைக்காமல் ஒரு முழம் உள்ளே தள்ளி வைத்துக்கொண்டு என்னை முறைத்தார். வீட்டில் வேறு ஆளும் இல்லை. மூலையில் வைங்க அண்ணாச்சி என்று எனக்கே கேட்காத குரலில் சொன்னேன்.

“அங்கன பல்லி இருக்கு தாயி. எனக்குப் பல்லின்னா பயம்.”

பின்னறை

ஆனைக்குட்டம் போகிற வழியில் ஒரு வீடு. என் வயதுப் பெண். பின்னறை வேண்டாம் என்று வாசலை மறித்தாள். வரிக்குப் பயந்து மறைக்கிறாள் என்று நினைத்தேன். தொட்டிலில் பிள்ளை அழ, அவள் அந்தப் பக்கம் திரும்பினாள். அளக்காமல் போனால் சார் திட்டுவாரே என்று நான் உள்ளே போய் இரும்பு டேப்பைத் தரையில் நீட்டிவிட்டேன். பிறகுதான் பார்த்தேன், தரையெல்லாம் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் பொடி. சுவரோரம் காகிதக் குழாய்கள். வீட்டில் வைத்து வெடி செய்கிறாள்.

பட்டாசு ஆலையில் இரும்பைத் தரையில் உரசவே விட மாட்டார்கள்; ஒரு பொறி போதும். டேப்பின் பொத்தானில் என் விரல். விரலை எடுத்தால் சர்ரென்று உரசிக்கொண்டு சுருளும். ஓடி வந்தவள், விட்டுறாதீங்க என்று மெதுவாகச் சொல்லி அடுத்த நுனியைத் தூக்கினாள். ஈரச் சேலையை உலர்த்தக் கொண்டுபோவது போல, டேப் தொய்யாமல், அடி அடியாக இருவரும் தெருவுக்கு வந்தோம். வழியெல்லாம் எனக்கு என் பிள்ளை முகம்தான். தெருவில் வைத்துத்தான் விரலை எடுத்தேன்.

முதலில் பிள்ளையை வெளியே கொண்டு வா, அந்த வெடிமருந்தை இன்றைக்கே ஒழி, நான் சாரிடம் சொல்லத்தான் போகிறேன் என்றேன். உள்ளே போய்ப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“பிள்ளையத் தூக்கிட்டு வந்துட்டேன்க்கா. மருந்தை எங்கன கொண்டுபோய் வைக்க?”

பயத்துக்கும் வரி விதிக்கலாம் என்று சட்டம் வந்தால், எங்கள் பஞ்சாயத்தில் முதல் ரசீதை என் பெயருக்குத்தான் கிழிப்பார்கள்.