நைனா விழுங்கிய சேறு

இன்று காலை குழாய்த் தண்ணீர் வாயில் உப்புக் கரித்தது. உடனே நைனாவின் நினைவு வந்துவிட்டது.

சுதந்திரம் வந்த புதிது. புயலில் கடல் ஏறி, எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய எங்கள் வயலில் நெல் முழுக்கக் கருகிப்போனது. உப்பு இறங்கும்வரை விதைக்க முடியாது. தினமும் நைனா சேற்றை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புவார்.

பக்கத்து வயல்காரர் ராயபுரம் ரயிலடியில் குடும்பத்தோடு கையேந்துவதைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள், நைனா துப்பவில்லை. விழுங்கினார்.

"இன்னாய்யா, கரிக்குதா?" என்றாள் அம்மா.

"இல்லமே. கீற வெதைய எட்துகினு வா, தெளிச்சிடலாம்."

அம்மா கடைசி விதைநெல்லை எடுக்க ஓடினாள். நான் குனிந்து அதே சேற்றை நாக்கில் வைத்தேன். தொண்டைவரை கரித்தது. நைனா என்னையே பார்த்தார், அடி வாங்கப்போகிறவர் போல.

நானும் விழுங்கினேன்.

இன்றும் துப்ப வரவில்லை.