பிரிக்காத டிவிடி

உத்தமபாளையத்தில் என் மாமா வீட்டு டிவிக்குப் பக்கத்தில் ஒரு டிவிடி இருக்கிறது. வாங்கி வந்த நாளில் சுற்றியிருந்த கண்ணாடித் தாள் இன்னும் பிரிக்கப்படவில்லை. வெள்ளிக்கிழமை வீடு துடைக்கும்போது அத்தை அதையும் எடுத்துத் துடைத்து அதே இடத்தில் வைப்பாள். தமிழில் வந்த நல்ல படங்களைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் முதலில் சொல்லும் படம் அது. மாமாவைப் போல ஒரு சினிமாப் பைத்தியம் இந்தப் பள்ளத்தாக்கிலேயே கிடையாது. ஆனால் அவர் அதைப் பார்த்ததில்லை.

மாமா என்றால் என் அப்பாவின் தங்கையைக் கட்டியவர். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறார். யூரியா கேட்டு வருகிறவர்களிடம் நேற்றுப் பார்த்த படத்தில் சண்டை ஏன் எடுபடவில்லை என்று விளக்கிவிட்டுத்தான் மூட்டையைத் தூக்கிக் கொடுப்பார். சாயங்காலம் கடை வாசலில் கூடுகிற கூட்டமும் அப்படித்தான். ஆளுக்கொரு பெரிய படம் பார்க்காமல் விட்டிருந்தார்கள். ஆளுக்கொரு காரணமும் வைத்திருந்தார்கள். கோர்ட்டில் வேலை பார்த்த ஒருவர், “நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லியே எனக்கு வெறுப்பேத்திட்டாக” என்பார். வாழைக்காய் வியாபாரி ஒருவருக்கு, வில்லனுக்குத் தன் பெயரை வைத்துவிட்டார்கள் என்று கோபம். மாமாவின் காரணம் அவருடைய மறுவீட்டு விருந்தில் தொடங்கியது.

கல்யாணமாகி மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளையைப் பெண்வீட்டார் சினிமாவுக்கு அழைத்துப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். மாப்பிள்ளை, பெண்ணோடு சொந்தபந்தம் அத்தனையும் டிராக்டரில் ஏறிவிடும். என்ன படம் என்று கேட்டதற்கு மாமா யோசிக்காமல் அந்தப் படத்தைச் சொல்லியிருக்கிறார். தியேட்டர் வாசலில் டிராக்டர் நின்ற பிறகுதான் அத்தையின் பெரியம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. “புதுப்பொண்ணு மாப்பிள்ளை பாக்குற படமாய்யா இது? கடைசியில அவ செத்துப்போறாளாம், புருசன் ஒத்தையில நிக்கிறானாம். விடுறா வண்டிய!” டிராக்டர் திரும்பி இன்னொரு தியேட்டருக்குப் போனது. அங்கே ஓடியது ஒரு மட்டமான சிரிப்புப் படம். அதற்காகத் தன் கல்யாணப் பட்டு வேட்டியைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்ததை மாமா இன்றைக்கும் வயிறெரியச் சொல்வார்.

அப்புறமாவது பார்த்திருக்கலாமே என்றால், அதற்கு வழியில்லாமல் வீட்டில் ஏதாவது நல்லது நடந்துகொண்டே இருந்தது. அத்தை முழுகாமல் இருந்தாள். பிள்ளை பிறந்தது. காதுகுத்து வந்தது. வீட்டுக்கு வாசக்கால் வைத்தார்கள். மகளுக்கு மாப்பிள்ளை தேடினார்கள். ஒவ்வொரு தடவையும் அத்தை, “இந்த நேரத்துல அந்தப் படம் எதுக்கு?” என்பாள். மாமாவும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சரி என்பார். தனியாகப் போய்ப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை. வானொலியில் அந்தப் படத்தின் ஒலிச்சித்திரம் வைத்தால் கடைசிக் கட்டம் வருமுன் அத்தை அணைத்துவிடுவாள். வசனமெல்லாம் மனப்பாடம், முடிவு மட்டும் கேட்டதில்லை என்று மாமா சிரிப்பார்.

சில வருஷங்களுக்கு முன் அத்தைக்கு மதுரையில் இருதய அறுவை சிகிச்சை நடந்தது. தியேட்டர் என்ற சொல்லையே அன்றைக்கு முழுவதும் நாங்கள் பயந்து பயந்து உச்சரித்தோம். அவள் மகள் மருந்து வாங்கப் போயிருந்தாள். வராந்தாவில் நானும் மாமாவும் மட்டும் இருந்தோம். மூச்சு விடாமல் படம் பேசுகிற மனிதர் காலையிலிருந்து அங்கேயும் இங்கேயும் நடந்துகொண்டே இருந்தார். திடீரென்று நின்று என் பக்கம் திரும்பினார். என்னை அவர்கள் இருவரும் ஆத்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“ஆத்தா, இவ நல்லபடியா எந்திரிச்சு வந்துட்டா அந்தப் படத்த ஆயுசுக்கும் பாக்க மாட்டேன். குச்சனூர் சாமிகிட்ட சொல்லிட்டேன். நீ யார்ட்டயும் சொல்லிராத.”

குச்சனூர் சனீஸ்வரனுக்கு எள் தீபம் போடுவதாக வேண்டிக்கொள்வார்கள், மொட்டை அடிப்பதாக வேண்டிக்கொள்வார்கள். ஒரு சினிமாவை விட்டுக்கொடுப்பதாக வேண்டிக்கொண்டவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சிரிப்பு வந்திருக்க வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது. அவரிடம் அதைவிடப் பெரிய ஆசை எதுவும் கிடையாது என்று எனக்குத் தெரியும்.

அத்தை எழுந்து வந்தாள். தெம்பு வந்ததும் அவள் செய்த முதல் காரியம், மகளிடம் சொல்லி அந்த டிவிடியை வரவழைத்ததுதான். “இனி என்ன தடை? நாம என்ன புதுப்பொண்ணு மாப்பிள்ளையா? வாங்க, பாத்துருவோம்” என்றாள். மாமா திருதிருவென்று விழித்தார். கண் உறுத்துகிறது என்றார். அடுத்த வாரம் பிளேயர் ரிப்பேர் என்றார். அதே பிளேயரில் அன்று சாயங்காலமே வேறு படம் ஓடியது. பேரன் பரீட்சை, கடையில் சரக்கு வரும் நாள் என்று அவர் அவிழ்த்துவிட்ட சாக்குகளைக் கேட்டு நான் எழுந்து அடுப்படிக்கு ஓடியிருக்கிறேன், சிரிப்பை அடக்க முடியாமல்.

போன ஞாயிற்றுக்கிழமை தேனியிலிருந்து போயிருந்தேன். மாமா கடையில் இருந்தார். அந்த டிவிடியைக் கையில் எடுத்து, அட்டையைப் பார்த்துக்கொண்டே தாளின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன். பிரிக்கும் எண்ணமெல்லாம் இல்லை, கை சும்மா இருக்கவில்லை.

“அத வச்சுரு ஆத்தா.” அத்தை பின்னால் நின்றாள். “நான் ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து அவுக அந்தப் படத்தப் பாக்கணும்னு பேச்சே எடுக்கல. அம்புட்டு ஆசப்பட்ட மனுசன் வேணாம்னு ஒதுங்குனா, அது எனக்காகத்தான்னு தெரியாதா? என்னமோ நேந்துருக்காக. நான் கேட்டுக்கிறல. தடவைக்கு ஒரு பொய் சொல்றாக, அதக் கேக்க நல்லாருக்குல்ல?”

முந்தானையால் துடைத்து, டிவிக்குப் பக்கத்தில் பழையபடி நிறுத்தி வைத்தாள்.

இப்போது அந்தப் படம் என் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. நானும் பார்க்கவில்லை. இவர்கள் இருவரையும் பார்த்த பிறகு அதற்கான அவசியம் போய்விட்டது. அன்று மத்தியானம் மாமா சாப்பிட வந்தபோது டிவியில் அந்த மறுவீட்டுச் சிரிப்புப் படம் ஓடிக்கொண்டிருந்தது. “மட்டமான படம்” என்று திட்டிக்கொண்டே அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். “இந்தா, பாக்கலாமா?” என்று அவள் டிவிடியைக் காட்டினாள்.

“இன்னைக்கி வேணாம்டி, தலை வலிக்குது” என்றார் மாமா, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே.